கட்டுவதா, கட்டியதை வாங்குவதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்பவர்கள் கேட்கிற மாதிரியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறோம். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம். கணக்குகளில் வரும் மனை விலையும் கட்டுமான விலையும் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டு மறுபடி கணக்குப் பாருங்கள், முறை மாறாது.

1. மொத்தத்துல எது சார் மலிவு, கட்டுறதா வாங்குறதா?

விலையை இரண்டாகப் பிரிக்காமல் இதற்குப் பதில் கிடையாது. எந்த வீட்டின் விலையிலும் மண்ணுக்கு ஒரு பங்கு, கட்டடத்துக்கு ஒரு பங்கு. மண் விலை பெரும்பாலும் ஏறும். கட்டடம் வருஷா வருஷம் தேயும். விற்பவர் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார். ஏறிய மண் விலையின் மறைவில் தேய்ந்த கட்டடமும் புது விலைக்குப் போய்விடும்.

ஒரு கணக்கு. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. அதில் 15 வருஷத்துக்கு முன் கட்டிய 1,100 சதுர அடி வீடு. 70 லட்சம் சொல்கிறார்கள். அதே தெருவில் காலி மனை சதுர அடி 3,000 என்றால் மண்ணின் மதிப்பு 36 லட்சம். இன்று புதிதாகக் கட்டினால் சதுர அடி 2,500 வீதம் 27.5 லட்சம். ஆண்டுக்கு 1.5 சதவீதம் தேய்மானம் என்று வைத்தால் 15 ஆண்டுக்கு 22.5 சதவீதம் கழியும். மிச்சம் சுமார் 21.3 லட்சம். காம்பவுண்டு, போர், சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் சேர்த்துத் தேய்மானம் போக 4 லட்சம். ஆக மொத்தம் 61 லட்சம் சொச்சம். மீதி 9 லட்சத்துக்கு விற்பவர் ஏதாவது காரணம் காட்ட வேண்டும். ‘உடனே குடிபோகலாம்’ என்பதற்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் கொடுக்கலாம். டைல்ஸ் மாற்றிப் புதுப் பெயின்ட் அடித்ததற்கு 9 லட்சம் கிடையாது.

2. மேஸ்திரி சதுர அடி 2,500-ன்னு சொல்றார். 1,100 சதுர அடின்னா இருபத்தேழரை லட்சத்துல முடிஞ்சிடுமா?

முடியாது. அந்த ரேட்டில் வழக்கமாகச் சேராதவை: காம்பவுண்டு சுவர், கேட், சம்ப், செப்டிக் டேங்க், போர், மோட்டார், மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூம், முகப்பு வேலைப்பாடு, கப்போர்டு வேலை, ப்ளான் அனுமதிக் கட்டணம், ஈ.பி. இணைப்பு. தெரு உயரமாக இருந்து பேஸ்மட்டத்தை மூன்று அடிக்கு மேல் தூக்கினால் அதற்கும் நிரப்பும் கிராவலுக்கும் தனிக்காசு. எல்லாம் கூட்டினால் மேலே 5, 6 லட்சம் சாதாரணமாக ஏறும்.

சதுர அடியை எப்படி அளக்கிறார் என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். போர்ட்டிகோ, பால்கனி, வெளிப் படிக்கட்டு இவற்றை முழுதாகச் சேர்ப்பாரா, பாதியாகச் சேர்ப்பாரா? வீடு முடிந்த பிறகு வரும் சண்டைகளில் பாதி இந்த அளவில்தான் ஆரம்பிக்கும். சதுர அடிக்கு 200 ரூபாய் குறைத்துச் சொல்பவர் பல சமயம் அளவில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்.

3. பத்திரச் செலவு எதுக்குக் கம்மி?

மனை வாங்கிக் கட்டுவதற்கு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. காலி மனை வாங்கினால் இது மண்ணின் மதிப்புக்கு மட்டும். கட்டிய வீடு வாங்கினால் மண், கட்டடம் இரண்டுக்கும். முதல் கேள்வியின் கணக்குப்படி 36 லட்சத்துக்கு 3.24 லட்சம்; 61 லட்சத்துக்கு 5.49 லட்சம். வித்தியாசம் இரண்டேகால் லட்சம். வாங்கும்போது இதை மறந்துவிட்டுப் பத்திரம் அன்று முழிப்பவர்கள் அதிகம்.

பில்டரிடம் முதல் முறையாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்குக் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல் மனைப் பங்கும் கட்டடமும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிவாகிறது: 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7, அதையும் தாண்டினால் 9. அதே வீட்டை இரண்டாவது ஆள் வாங்கும்போது இந்தச் சலுகை இல்லை. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

4. லோன் எதுக்குச் சுலபமாக் கிடைக்கும்?

கட்டிய வீட்டுக்கு. ஒரே நாளில் மொத்தப் பணமும் விற்பவர் கைக்குப் போகும், அடுத்த மாதம் முதல் முழுத் தவணை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் வரைதான் தரலாம். ‘மதிப்பு’ என்பது வங்கியின் மதிப்பீட்டாளர் போடுவது. நீங்கள் 70 லட்சத்துக்குப் பேசி முடித்து, அவர் 60 லட்சம் என்று எழுதினால் கடன் 60-க்குத்தான். கட்டடத்துக்கு மீதம் எத்தனை வருஷ ஆயுள் என்பதையும் பார்த்துத்தான் தவணைக் காலத்தை முடிவு செய்வார்கள். 30 வருஷப் பழைய வீட்டுக்கு 20 வருஷக் கடன் கிடைப்பது கடினம்.

கட்டுவதற்கு வாங்கும் கடன் கட்டம் கட்டமாக வரும்: பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு. முதலில் உங்கள் கைப்பணம் உள்ளே போக வேண்டும். பிறகு வேலை முடிந்த அளவுக்குப் பொறியாளர் வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த பணம். அந்த ஆய்வுக்கும் பணம் வருவதற்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் ஆகும். கொத்தனாருக்கு சனிக்கிழமை கூலி நிற்காது. குறைந்தது இரண்டு லட்சமாவது சுழற்சிக்குக் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

5. கட்டி முடிக்க எத்தனை மாசம் ஆகும்? வாடகையும் குடுத்து வட்டியும் கட்டணுமே?

1,100 சதுர அடிக்குத் தரைத் தளம் மட்டும் என்றால் எட்டு முதல் பத்து மாதம். ‘ஆறு மாசத்துல சாவி’ என்பவர் பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஆட்களையும் மழையையும் கணக்கில் எடுக்கவில்லை. தை, மாசியில் கடைக்கால் தோண்டினால் ஐப்பசி மழைக்கு முன் ரூஃப் முடிந்து பூச்சு வேலை உள்ளே நடக்கும். ஆவணியில் தொடங்கினால் கடைக்கால் குழியில் மழைத் தண்ணீர் நிற்கும். அதை இறைத்து, சகதியை வழித்து எடுத்துவிட்டுத்தான் கான்கிரீட் போட வேண்டும். அவசரத்தில் சகதி மேலேயே போடுவதும் நடக்கிறது.

வாடகை 12,000 என்றால் பத்து மாதத்துக்கு 1.2 லட்சம். வங்கி அதுவரை கொடுத்த தொகைக்கு மட்டும் வட்டி வாங்கும். இரண்டையும் 1-வது கேள்வியின் கணக்கில் ‘கட்டும் பக்கம்’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. ப்ளான் அப்ரூவலுக்கு அலையணுமேன்னுதான் கட்டுன வீடே வாங்கிடலாம்னு பார்க்குறேன்...

அந்தக் காரணம் இப்போது பழசு. 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத் தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தி அனுமதி எடுக்கலாம். முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை.

ஆனால் சான்று உங்களுடையது. சுற்றிலும் விட வேண்டிய இடத்தைத் தின்று கட்டினால் மாட்டுவதும் நீங்கள்தான். சின்னத் தெருவில்கூட முன்பக்கம் 1.5 மீட்டர், ஏறக்குறைய ஐந்து அடி, விட வேண்டும். கார் நிறுத்த இடம் கேட்பவர்கள் முதலில் கை வைப்பது இந்த ஐந்து அடியில்தான்.

7. லேபர் கான்ட்ராக்ட் நல்லதா, மெட்டீரியலோட சேர்த்துக் குடுக்குறது நல்லதா?

தினமும் ஒருவர் தளத்தில் நிற்க முடியும், கடைகளோடு பேரம் பேச நேரம் இருக்கிறது என்றால் லேபர் மட்டும். இல்லாவிட்டால் மெட்டீரியலோடு. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஃபோனிலேயே லேபர் கான்ட்ராக்டை நடத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி: சிமென்ட் இறங்கியதை எண்ண ஆள் இருக்காது.

எப்படிக் கொடுத்தாலும் தோராய அளவு தெரிந்திருக்கட்டும். சதுர அடிக்கு சிமென்ட் 0.4 மூட்டை, கம்பி 3.5 முதல் 4 கிலோ. 1,100 சதுர அடிக்கு 440 மூட்டை, நாலு டன் சொச்சம். கம்பி இதைவிட மிகக் குறைந்தால் எங்கோ இடைவெளியைக் கூட்டிக் கட்டியிருக்கிறார்கள். எம் சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரியில் குவித்துக் காட்டுவதை நம்பாமல் தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து பெருக்கிப் பாருங்கள். மெட்டீரியலோடு கொடுத்தால் சிமென்ட், கம்பி, ஒயர், பைப், டைல்ஸ் ஒவ்வொன்றுக்கும் கம்பெனிப் பெயரும், டைல்ஸுக்குச் சதுர அடி விலையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ‘நல்ல தரம்’ என்று எழுதிய ஒப்பந்தம் வெறும் காகிதம்.

8. கட்டும்போது தினமும் போய் நிக்கணுமா? ஆபீஸ் இருக்கே.

எல்லா நாளும் வேண்டாம், சில நாட்கள் கண்டிப்பாக. கடைக்கால் குழி தோண்டி முடித்த நாள், தூண் கம்பி கட்டிய நாள், ரூஃபுக்குக் கம்பி கட்டி முடித்த மறுநாள் காலை, கான்கிரீட் போடும் நாள் முழுக்க. இந்த நாட்களில் பார்க்கத் தவறியதைப் பிறகு பூச்சு மூடிவிடும்.

ரூஃப் கம்பியின் அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கம்பிக்கும் பலகைக்கும் இடையே 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்; தூணுக்கு 40, கடைக்காலுக்கு 50. கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லிக் கல்லைச் செருகியிருப்பார்கள். ஆள் நடக்க நடக்க அது நகர்ந்து கம்பி பலகையில் படுத்துவிடும். பத்து வருஷத்தில் சீலிங்கில் துருக் கோடு தெரிவது இதனால்தான்.

கான்கிரீட் நாளில் தண்ணீரைப் பாருங்கள். ஒரு மூட்டை சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி கலவைக்கு 25 முதல் 28 லிட்டர் போதும். பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு. கலவை இளகி ஓடினால் தூக்கிக் கொட்டுவது சுலபம் என்று மூன்றாவது குடம் விழும். அந்த ஒரு குடம் கான்கிரீட்டின் பலத்தைக் கணிசமாகக் குறைக்கும். அதற்கு அப்புறம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது: குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினாலு. கோடையில் மதியத்துக்குள் பாத்தி காய்ந்துவிடும். சாயந்திரம் மட்டும் ஊற்றினால் போதாது. பலகையை ‘இன்னொரு சைட்டுக்கு வேணும்’ என்று ஏழாம் நாள் பிரிக்க வருவார்கள். இப்போது கிடைக்கும் பி.பி.சி. சிமென்ட் (சாம்பல் கலந்தது) மெதுவாக இறுகுவது. ஸ்லாபுக்கு 14 நாள், பெரிய பீமுக்கு 21 நாள் வரை முட்டுக்கொடுத்தது நிற்கட்டும்.

9. கட்டுன வீட்டைப் பார்க்கப் போனா எதைப் பார்க்கணும்?

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். வாசலில் தண்ணீர் நின்ற தடம், காம்பவுண்டு சுவரில் படிந்த சேற்றுக் கோடு இரண்டும் புரோக்கர் சொல்லாததைச் சொல்லும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர் வீட்டில் கேளுங்கள். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இதைக் கேட்காமல் வாங்கவே கூடாது.

உள்ளே போனால் மேலே பாருங்கள். ஒரே ஒரு அறையின் சீலிங்கில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அங்கே கசிவு. கம்பு கொண்டு தட்டினால் ‘டொக்’ என்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் காரை பிரிந்திருக்கிறது. அடியில் கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கும். கடலோரத்தில் பத்துப் பதினைந்து வருஷ வீடுகளிலேயே இது வரும். பூச்சில் ஓடும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிகிற விரிசல் வேறு சங்கதி: கடைக்கால் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் சகஜம். அங்கே கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிப்போய், சந்தேகமுள்ள தூணையும் பீமையும் ரீபவுண்ட் ஹாமர் (கான்கிரீட்டை உடைக்காமல் அதன் பலத்தைத் தோராயமாகச் சொல்லும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு.

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ஃப்ளஷை இழுங்கள். பாத்ரூம் தண்ணீர் மெதுவாக இறங்கினால் லைனோ செப்டிக் டேங்க்கோ அடைத்திருக்கிறது. பழைய ஜி.ஐ. பைப், எர்த் இல்லாத ஒயரிங் இரண்டையும் மாற்றுவதென்றால் சுவரை உடைக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

10. வீடு நல்லா இருக்கு, ரோட்டை விட ஒரு அடி தாழ்வு. ஜாக்கி வச்சுத் தூக்கிடலாம்ங்கிறாங்களே?

தூக்கலாம், செய்கிறார்கள். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, கடைக்காலிலிருந்து கட்டடத்தைப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக் கீழே செங்கல் கட்டுவார்கள். ஆனால் தரை முழுக்கப் போகும், தண்ணீர், கழிவு லைன் எல்லாம் புதிதாகப் போட வேண்டும், சில மாதம் வெளியே குடியிருக்க வேண்டும். இந்த மொத்தச் செலவும் கையில் எஸ்டிமேட்டாக வந்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

ரோடு அத்தோடு நிற்காது என்பதையும் யோசியுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடும் தெருவில் இன்று தூக்கியது பத்து வருஷத்தில் மறுபடி தாழ்வாகிவிடும்.

11. இப்போ கீழ் வீடு மட்டும் வாங்கிட்டு, பிறகு மேல மாடி எடுக்கலாமா?

தூண், பீம் இருக்கிறதா, வெறும் செங்கல் சுவர் தாங்குகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். சுவர் தாங்கும் வீடு என்றால் ஒன்பது அங்குலச் சுவர் மேலே ஒரு மாடிக்குப் போதலாம். ஆனால் கடைக்கால் அகலம் தெரியாமல் சொல்லக்கூடாது. ஒரு மூலையில் தோண்டிப் பார்ப்பது அரை நாள் வேலை. மொட்டை மாடியில் தூண் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்து ‘மாடிக்கு ரெடி’ என்று நம்பிவிடாதீர்கள். கட்டைகளின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால் மாடி எண்ணத்தை விட்டுவிடலாம்.

12. ஈ.சி. போட்டாச்சு, க்ளீனா இருக்கு. அப்புறம் என்ன பயம்?

வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும். பதிவாகாத உயில், கோர்ட் வழக்கு, மூலப் பத்திரத்தை வங்கியில் கொடுத்துப் பதியாமல் வாங்கிய கடன், கையெழுத்துப் போடாத வாரிசு எதுவும் அதில் தெரியாது. 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு, அதில் வரும் ஒவ்வொரு பத்திரத்தின் நகலையும் வரிசையாக வைத்து, ஒரு கை மாறியதிலிருந்து அடுத்த கைக்கு இடைவெளி இல்லாமல் வருகிறதா என்று வக்கீல் பார்க்க வேண்டும். அசல் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ‘தொலைஞ்சு போச்சு’ என்றால் அடமானமாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

பூர்விகச் சொத்து என்றால் சகோதரிகள் கையெழுத்து. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பங்குரிமை வந்துவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அதை இன்னும் விரிவாக்கியது. ‘அக்கா கல்யாணத்துக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு, அவங்க கேட்க மாட்டாங்க’ என்பது சட்டத்தில் செல்லாது. அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும், அல்லது கிரயத்தில் அவரும் கையெழுத்துப் போடட்டும். பட்டா விற்பவர் பெயரில் தனிப்பட்டாவாக இருக்கிறதா, கூட்டுப்பட்டாவா என்பதையும், புல வரைபடத்தின் அளவும் தரையில் அளந்ததும் ஒத்துப்போகிறதா என்பதையும் சர்வேயரை வைத்துப் பாருங்கள். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) பூஜ்யம் என்று காட்டும் சர்வே எண்ணில் கோயில், வக்பு, அரசு நிலச் சிக்கல் இருக்கக்கூடும்.

13. பஞ்சாயத்து அப்ரூவல் மனை, பக்கத்து மனையை விட விலை பாதிதான். வாங்கிக் கட்டலாமா?

மனைப் பிரிவுக்கு அனுமதி டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தர வேண்டும், ஊராட்சித் தலைவரின் முத்திரை போதாது. அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான். அந்த வரன்முறை ஆணை அந்த மனைக்கு இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் பதிவிலும் ப்ளான் அனுமதியிலும் வங்கிக் கடனிலும் வரிசையாக முட்டுவீர்கள். 6-வது கேள்வியில் சொன்ன சுயசான்று இதைச் சரிசெய்யாது.

இப்படிப்பட்ட மனையில் ஏற்கெனவே கட்டிய வீடும் விற்பனைக்கு வரும். கேள்வி அதேதான். வீடு நிற்கிறது, ஈ.பி. இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது என்பவை எதுவும் மனைக்கு அனுமதி ஆகாது.

14. பில்டர் வரிசையாக் கட்டி விக்கிற புது வீடு? ரெண்டுக்கும் நடுவுல நல்லதுதானே?

நல்லதாகவும் இருக்கும். பிரச்சினை, 8-வது பதிலில் சொன்ன நாட்கள் எல்லாம் முடிந்து, பூச்சும் பெயின்ட்டும் அடித்த பிறகுதான் நீங்கள் பார்க்கிறீர்கள். கம்பி கட்டிய கட்டத்திலேயே முன்பணம் கொடுத்து உங்கள் பொறியாளரை அனுப்பச் சம்மதிப்பவரிடம் வாங்குங்கள். முடிந்துவிட்டதென்றால் அதே பில்டர் மூன்று வருஷத்துக்கு முன் விற்ற வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். குடியிருப்பவர் அரை மணி நேரத்தில் எல்லாம் சொல்லிவிடுவார்.

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, எட்டு வீட்டுக்கு மேலோ என்றால் ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். அப்போது ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறை வந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. ஒரு கிரவுண்டில் இரண்டு வீடு கட்டி விற்பவர் இந்த வரம்புக்குள் வரமாட்டார். அவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி.யையும் கேளுங்கள்: கட்டிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் 5 சதவீதம், சிறிய மலிவு விலை வீட்டுக்கு 1, பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்றால் இல்லை.

15. வீடு ரொம்பப் பழசு, இடம் அருமையான இடம். வாங்கி இடிச்சிட்டுக் கட்டுனா?

அப்படியானால் 1-வது கணக்கில் கட்டடத்துக்குப் பூஜ்யம் போடுங்கள். ‘இன்னும் இருபது வருஷம் நிக்கும் சார்’ என்பதற்கெல்லாம் காசு இல்லை. இடிக்கத் தனியாக அனுமதி வேண்டும். தேக்குக் கதவு, ஜன்னல், கம்பி கிடைக்கும் வீடு என்றால் இடிப்பவரே உங்களுக்குப் பணம் கொடுத்து எடுத்துப்போவதும் உண்டு; பேசிப் பாருங்கள், ஆனால் குப்பையை முழுதாக அள்ளிப் போவதும் அவர் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய கடைக்கால் கல்லையும் எடுத்துவிட வேண்டும். புது வீட்டின் ஒரு கால் பழைய கல்லிலும் இன்னொன்று மண்ணிலும் நின்றால் இறங்குவது சமமாக இருக்காது.

16. ஊர்ல இருந்த வீட்டை வித்த பணம் இருக்கு. வரி கட்டாம இருக்கணும்னா கட்டணுமா, வாங்கணுமா?

இரண்டும் செல்லும், கெடுதான் வேறு. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்ற ஆதாயத்தை, விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ விற்ற இரண்டு வருஷத்துக்குள்ளோ வீடு வாங்கிப் போடலாம். கட்டுவதென்றால் மூன்று வருஷத்துக்குள். 5-வது பதிலில் சொன்ன மாதங்களோடு, மனை தேடும் நாட்களையும் கூட்டிப் பாருங்கள். மூன்று வருஷம் பெரிய அவகாசம் இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவழிக்காத ஆதாயத்தை வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். சாதாரண டெபாசிட்டில் போட்டால் விலக்கு போய்விடும். விற்றது காலி மனை என்றால் ஆதாயத்தை மட்டும் போட்டால் போதாது, விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு.

17. விக்கிறவர் பத்திரத்துல பாதி காட்டி மீதியை ரொக்கமாக் கேக்குறார். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?

பத்திரத்தில் குறைத்தால் கடன் குறையும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகக் காட்டியிருப்பதால் ஆதாய வரி கூடும். நிலம், வீட்டுக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு அதே அளவு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. இதைச் சொன்னாலே பலர் இறங்கி வருவார்கள்.

50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் நீங்கள் விலையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் தொகை எவ்வளவானாலும் பிடிக்க வேண்டும். 1 சதவீதம் இல்லை, நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் சர்சார்ஜ், செஸ்ஸும். பவர் வைத்திருக்கும் தம்பி உள்ளூரில் கையெழுத்துப் போடுகிறார் என்பதால் இது மாறாது. பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் கேட்கும்.

18. பாதியில நின்ன வீடு ஒண்ணு சல்லிசா வருது. ரூஃப் வரைக்கும் முடிஞ்சிருக்கு, மூணு வருஷமா அப்படியே இருக்கு. எடுக்கலாமா?

ஏன் நின்றது என்பதற்குப் பதில் முதலில். பணமில்லை என்றால் அதில் ஏற்கெனவே கட்டம் கட்டமாக எடுத்த வங்கிக் கடன் இருக்கும். குடும்பத் தகராறு என்றால் 12-வது பதிலுக்குத் திரும்பிப் போங்கள். மேஸ்திரிக்குப் பாக்கி என்றால் நீங்கள் வேலை தொடங்கும் நாளில் அவர் வந்து நிற்பார்.

கட்டடத்தில் முதலில் வெளியே நீட்டியிருக்கும் கம்பி. கையால் துடைத்தால் போகும் செந்நிறத் துரு பரவாயில்லை. ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்ததும் செதில் செதிலாக உதிர்ந்தால் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து அளங்கள். 16 மில்லிமீட்டர் கம்பி 14-க்கு வந்திருந்தால் பலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது, அந்தத் தூணில் மாடி ஏறாது. ரூஃபின் மேல் மூன்று மழைக்காலம் தண்ணீர் நின்றிருக்கும். சீலிங்கில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு பொறியாளரிடம் காட்டுங்கள். கடைக்காலை ஒரு தூணின் அடியிலாவது தோண்டிப் பார்த்து, அனுமதி வாங்கிய ப்ளானோடு தூண் இடங்களை ஒப்பிடுங்கள். அந்த அனுமதியின் காலமும் பெரும்பாலும் முடிந்திருக்கும். புதிதாக எடுக்கும்போது ப்ளானில் இல்லாத ஒரு அறை முளைத்திருந்தால் அதை இடிக்க வேண்டி வரும்.

விலை பேசும்போது ‘இதுவரை 15 லட்சம் போட்டிருக்கேன்’ என்பார். அவர் போட்டது அவர் கணக்கு. பேஸ்மட்டம் வரை ஆவது மொத்தக் கட்டுமானச் செலவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ரூஃப் முடிந்திருந்தால் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதில் பொறியாளர் சொல்லும் பழுதுச் செலவைக் கழித்து, மண்ணின் மதிப்போடு கூட்டுங்கள். அந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள். தூண் கம்பி செதிலாக உதிர்ந்த வீட்டுக்கு மண்ணின் விலையில் இடிக்கும் செலவைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.